மார்க்ஸுக்குப் பின் வந்த திருத்தங்கள்: சமூகவியலில் புதிதாக நுழைபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெபர், கிராம்ஷி, டாரன்டோர்ஃப், ரைட், பூர்தியூ என்று மார்க்ஸை விமர்சித்தவர்களின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்யத் தொடங்குபவர்கள் மூன்றாவது பெயரிலேயே குழம்பிவிடுகிறார்கள். "மார்க்ஸ் பொருளாதாரத்துக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்துவிட்டார்" என்ற ஒரே புகாரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள் என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் ஒவ்வொருவரும் கைவைப்பது வெவ்வேறு கூற்றில். எந்தச் செங்கல்லை உருவுகிறார் என்று பார்த்துவிட்டால், சுவர் விழுமா நிற்குமா என்று நீங்களே சொல்லிவிடலாம். கீழே உள்ள படிகள் அந்தப் பார்வைக்குப் பழக்குபவை.

முதல் படி: மார்க்ஸைத் தனித்தனிக் கூற்றுகளாகப் பிரியுங்கள்

விமர்சகர்களைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் ஆறு கூற்றுகளை எண் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் எல்லாவற்றுக்கும் இந்த எண்களே கைப்பிடி.

1. உற்பத்தி உறவுகளே (உற்பத்தியில் யார் உடையவர், யார் உழைப்பவர் என்ற உறவுகளே) சமூகத்தின் அடித்தளம். சட்டம், அரசியல், சமயம், கலை ஆகியவை அதன்மேல் எழும் மேற்கட்டுமானம். இதன் சுருக்கமான வடிவம் 1859-இல் வந்த 'அரசியல் பொருளாதார விமர்சனத்துக்கு ஒரு பங்களிப்பு' நூலின் முன்னுரையில் இருக்கிறது, சில பக்கங்கள்தான்.

2. உற்பத்திச் சாதனங்கள் (நிலம், ஆலை, இயந்திரம்) யார் கையில் என்பதே வர்க்கத்தைத் தீர்மானிக்கிறது.

3. சமூகம் முதலாளி, பாட்டாளி என்ற இரண்டு முகாம்களாகப் பிளந்துகொண்டே போகிறது. சிறு வணிகர், கைவினைஞர், விவசாயி போன்ற இடைத்தட்டினர் பாட்டாளிகளாகச் சரிகிறார்கள். இது 1848-இன் கம்யூனிஸ்ட் அறிக்கை.

4. தொழிலாளியின் உழைப்பிலிருந்து கூலிக்கு மேல் எடுக்கப்படும் உபரி மதிப்பே லாபத்தின் ஊற்று. அதாவது, சுரண்டல் உற்பத்திக்குள்ளேயே நடக்கிறது.

5. ஒரே நிலையில் வாழ்பவர்கள் போராட்டத்தின் வழியே தங்களை ஒரு வர்க்கமாக உணர்கிறார்கள். 'தன்னளவிலான வர்க்கம்' 'தனக்கான வர்க்கம்' ஆகிறது.

6. அரசு, முதலாளி வர்க்கத்தின் பொது அலுவல்களைக் கவனிக்கும் குழு. முதலாளித்துவம் முதிரும்போது புரட்சி வரும்.

இந்த ஆறும் ஒன்றையொன்று தாங்கி நின்றாலும், ஒன்று விழுந்தால் மற்றதும் விழுந்தே தீரும் என்பதில்லை. மூன்றாவது கூற்று பொய்த்தாலும் நான்காவது நிற்கலாம். நான்கை மறுத்துவிட்டு ஐந்தை வைத்துக்கொண்டவர்களும் உண்டு. பெரும்பாலான தவறான வாதங்கள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன: நடுத்தர வர்க்கம் வளர்ந்திருக்கிறது என்று காட்டிவிட்டு, "ஆகவே சுரண்டல் இல்லை" என்று முடிப்பது.

இரண்டாம் படி: வைக்கோல் பொம்மை மார்க்ஸை, அதாவது எளிதில் தாக்குவதற்காகத் திரித்த மார்க்ஸை, களையுங்கள்

அந்த ஆறு கூற்றுகளும் கூர்மையாக்கப்பட்ட வடிவங்கள். மார்க்ஸே அவற்றைப் பல இடங்களில் தளர்த்தியிருக்கிறார். விமர்சகர் கூர்மையான வடிவத்தைத் தாக்குகிறாரா, தளர்ந்த வடிவத்தையும் சேர்த்துத் தாக்குகிறாரா என்று பார்க்க நான்கு இடங்களைத் தெரிந்துவைத்தால் போதும்.

முதலாவது, 'மூலதனம்' மூன்றாம் தொகுதியின் கடைசி அத்தியாயமான 52. தலைப்பு 'வர்க்கங்கள்'. ஒன்றிரண்டு பக்கத்திலேயே கைப்பிரதி அறுந்துவிடுகிறது. மார்க்ஸ் 1883-இல் இறந்த பிறகு அவருடைய தோழர் எங்கெல்ஸ் தொகுத்து, 1894-இல் வெளியிட்டது அது. வர்க்கம் என்றால் என்ன என்பதற்கு முழு வரையறையை மார்க்ஸ் விட்டுச்செல்லவில்லை. இருபதாம் நூற்றாண்டின் வர்க்க விவாதத்தில் பாதி, அந்த அறுந்த பக்கத்தை நிரப்பும் முயற்சிதான்.

இரண்டாவது, 1852-இல் எழுதிய 'லூயி போனபார்ட்டின் பதினெட்டாம் புரூமேர்'. அங்கே இரண்டு முகாம்கள் இல்லை. நிலவுடைமையாளர், நிதி முதலாளிகள், தொழில் முதலாளிகள், குட்டி முதலாளிகள், சிறு விவசாயிகள் என்று பல பிரிவுகள் மோதுகின்றன. மூன்றாவது, 'உபரி மதிப்புத் தத்துவங்கள்' கையெழுத்துப் படிகள்: தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவில் இடைத்தட்டுகள் பெருகிக்கொண்டே வருவதைப் பொருளியலாளர் ரிக்கார்டோ மறந்துவிட்டார் என்று மார்க்ஸே அங்கே குறை சொல்கிறார். நான்காவது, 1890 செப்டம்பரில் ஜோசப் பிளோக்குக்கு எங்கெல்ஸ் எழுதிய கடிதம். பொருளாதாரம் இறுதியில்தான் தீர்மானிக்கிறது, அது மட்டுமே தீர்மானிக்கிறது என்று நாங்கள் ஒருபோதும் சொல்லவில்லை என்கிறார். இளைஞர்கள் அந்தப் பக்கத்துக்கு அளவு மீறி அழுத்தம் கொடுத்ததில் தங்களுக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொள்கிறார்.

இந்த நான்கையும் மார்க்ஸைக் காப்பாற்றும் கேடயமாக மட்டும் பயன்படுத்தாதீர்கள். "இறுதியில்" என்ற சொல்லை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம் என்றால், கோட்பாடு எதையும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றாக நீர்த்துவிடும். நல்ல விமர்சகர்கள் அழுத்துவது இந்த இடத்தில்தான்.

மூன்றாம் படி: ஒவ்வொரு விமர்சகரிடமும் நான்கு கேள்விகள்

தாளில் நான்கு கட்டங்கள் போடுங்கள். எந்த எண்ணுள்ள கூற்றைத் தொடுகிறார்? என்ன சான்றை வைத்து? வீட்டுக்குள் இருந்துகொண்டே பழுது பார்க்கிறாரா, வேறு வீடு கட்டுகிறாரா? அவர் தரும் மாற்று எதைக் கைவிடுகிறது?

நான்காவது கட்டத்தைப் புதியவர்கள் வெற்றாகவே விட்டுவிடுகிறார்கள். ஒரு திருத்தம் எதையோ விளக்குவதற்காக வேறெதையோ விளக்காமல் விடுகிறது. அந்த விலையை எழுதாத வரை, பின்னால் வந்தவர் எப்போதும் வென்றவராகவே தெரிவார்.

நான்காம் படி: ஒரே ஆளை எல்லோரிடமும் அனுப்புங்கள்

மற்ற படிகளைவிட அதிக நேரம் தரவேண்டியது இதற்குத்தான். ஒரு தொழிற்சாலை சூப்பர்வைசரை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தில் அவருக்கு ஒரு பங்குகூட இல்லை, மாதச் சம்பளம். அவருக்குக் கீழே 20 பேர். அவர்களை வேலை வாங்குவது, லீவு தருவது, பெயரைக் குறித்து மேலே அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் என்ன தயாரிப்பது, எவ்வளவு முதலீடு என்பதில் அவருக்குக் குரல் கிடையாது. இவர் எந்த வர்க்கம்?

கூற்று 2-ஐ நேராகப் பொருத்தினால் பாட்டாளி. உழைப்புச் சக்தியை விற்றுத்தான் வாழ்கிறார். ஆனால் 'மூலதனம்' முதல் தொகுதியில் கூட்டுழைப்பு பற்றிய அத்தியாயத்தில், தொழிற்படைக்கும் ராணுவம்போல அதிகாரிகளும் சார்ஜென்டுகளும் வேண்டும், அவர்கள் மூலதனத்தின் பெயரால் கட்டளையிடுகிறார்கள் என்று மார்க்ஸே எழுதுகிறார். சார்ஜென்ட் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு அங்கே விடை இல்லை.

மாக்ஸ் வெபரிடம் அனுப்புங்கள். சந்தையில் இவரிடம் விற்க என்ன இருக்கிறது என்று கேட்பார்: அனுபவம், தொழில்நுட்பச் சான்றிதழ், நம்பகம். அதிலிருந்து வரும் வாழ்வாய்ப்புகளே இவருடைய வர்க்க நிலை. அதோடு நிறுத்தாமல், ஊரார் இவருக்குத் தரும் மரியாதையை அந்தஸ்து என்று தனியாகவும், அதிகாரத்துக்காகத் திரளும் அமைப்புகளைக் கட்சி என்று தனியாகவும் வைப்பார். இங்கே ஒரு எச்சரிக்கை: வெபர் மார்க்ஸை முற்றாக மறுத்தவர் என்று எழுதாதீர்கள். சொத்து இருப்பதும் இல்லாததுமே எல்லா வர்க்க நிலைகளின் அடிப்படை வகைகள் என்று அவரே சொல்கிறார். 1904–05-இல் எழுதிய புராட்டஸ்டண்ட் அறம் பற்றிய ஆய்வின் முடிவிலும், ஒருதலையான பொருள்முதல் விளக்கத்தின் இடத்தில் ஒருதலையான கருத்துமுதல் விளக்கத்தை வைப்பது தன் நோக்கமில்லை என்கிறார். வேறுபாடு எங்கே என்றால், மார்க்ஸ் பார்ப்பது உற்பத்தியில் யார் யாரிடமிருந்து பறிக்கிறார் என்பதை. வெபர் பார்ப்பது சந்தையில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதை. வெபரின் வரைபடத்தில் மேலும் கீழும் இருக்கும். ஒருவர் மேலே இருப்பதற்குக் காரணம் மற்றவர் கீழே இருப்பதுதான் என்ற கண்ணி இருக்காது. அதுதான் நான்காம் கட்டத்தில் எழுதவேண்டிய விலை.

ரால்ஃப் டாரன்டோர்ஃப் (1957) சொத்தையே தள்ளிவைக்கிறார். பங்குகள் ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறி, நிர்வாகம் சம்பள மேலாளர்கள் கைக்குப் போய்விட்டது. தொழிலாளர்களும் திறன்வாரியாகப் பிரிந்துவிட்டார்கள். தொழில் தகராறுகள் சட்டத்துக்குள்ளும் பேச்சுவார்த்தைக்குள்ளும் வந்துவிட்டன. ஆகவே வர்க்கத்தின் வேர் சொத்தில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது என்கிறார். இவர் கணக்கில் நம் சூப்பர்வைசர் கட்டளையிடும் பக்கம், அதாவது நிறுவனத் தலைவரோடு ஒரே அணி. விலை உடனே தெரிகிறது: 20 பேரை மேய்ப்பவரும் முழு நிறுவனத்தை ஆள்பவரும் ஒரே வர்க்கமாகிவிடுகிறார்கள். ஒவ்வொரு அமைப்புக்கும் ஓர் அதிகாரக் கோடு என்பதால், அதே மனிதர் மாலையில் சங்கத்தில் சாதாரண உறுப்பினராக உட்கார்ந்தால் அங்கே வேறு வர்க்கம். உடைமையும் நிர்வாகமும் பிரிந்துவிட்டன என்ற அடிப்படைச் செய்தியையே மாரிஸ் சைட்லின் 1974-இல் கேள்வி கேட்டார்: சிதறிய பங்குகளுக்கு நடுவில் சில குடும்பங்களும் வங்கிகளும் சிறு பங்கை வைத்தே பிடியை விடாமல் இருக்கலாமே?

இனி மார்க்சிய வீட்டுக்குள்ளேயே பழுது பார்த்தவர்கள். நிக்கோஸ் புலான்சாஸ் (1974) பாட்டாளிக்கு மிக இறுக்கமான வேலி போட்டார். நேரடியாக உபரி மதிப்பை உற்பத்தி செய்யும், மேற்பார்வை செய்யாத, உடலுழைப்புத் தொழிலாளர்தான் பாட்டாளி. நம் சூப்பர்வைசர் 'புதிய குட்டி முதலாளி வர்க்கம்'. எரிக் ஒலின் ரைட் இந்த அளவுகோலை அமெரிக்கப் புள்ளிவிவரத்தின்மேல் வைத்துப் பார்த்தபோது, உழைப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே பாட்டாளிகளாக மிஞ்சினார்கள். புரட்சியின் நாயகனை வரையறையே சிறுபான்மையாக்கிவிட்டது.

ரைட் 1976-இல் தந்த விடை, 'முரண்பட்ட வர்க்க இருப்பிடம்'. சூப்பர்வைசரை ஏதாவது ஒரு பெட்டியில் திணிக்கவேண்டாம். அவர் ஒரே நேரத்தில் சுரண்டப்படுபவர், அடக்குபவர், இரண்டும். இரு பக்கமும் இழுபடுவதே அவருடைய இருப்பிடம். இந்தத் துறையில் வந்த நேர்மையான தீர்வுகளில் இது ஒன்று. ஏனென்றால் சூப்பர்வைசர்களின் நடத்தையை, வேலைநிறுத்தத்தின்போது அவர்கள் தயங்கும் தயக்கத்தை, அது அப்படியே பிடிக்கிறது. ஆனால் ரைட்டே பிறகு ஒரு குறையைக் கண்டார்: தான் அளந்தது சுரண்டலை அல்ல, ஆதிக்கத்தை. அப்படியானால் டாரன்டோர்ஃபுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? 1985-இல், சுரண்டலின் வேர் சொத்துகள் சமமின்றிப் பகிரப்பட்டிருப்பதில் இருக்கிறது என்ற ஜான் ரோமரின் கருத்தை எடுத்து, உற்பத்திச் சாதனம், அமைப்புப் பதவி, திறன்/சான்றிதழ் என்று சுரண்டலுக்கு உதவும் சொத்துகளைப் பிரித்து வரைபடத்தைத் திரும்பப் போட்டார். சான்றிதழை எண்ணத் தொடங்கியதும் வெபரின் வாசலுக்கு வந்துவிட்டார் என்ற புகார் எழுந்தது. ஃபிராங்க் பார்க்கின் இந்தப் புகாரை 1979-லேயே எல்லா நவமார்க்சியர்மீதும் வைத்திருந்தார்: சொத்தும் சான்றிதழும் இரண்டுமே பிறரை வாசலில் நிறுத்தும் 'மூடல்' உத்திகள்தான் என்பது அவர் வாதம்.

ஜான் கோல்ட்தோர்ப் இதே சூப்பர்வைசரைத் தன் ஏழு வர்க்கப் பட்டியலில் ஐந்தாவதில் வைக்கிறார், கீழ்நிலைத் தொழில்நுட்பப் பணியாளர்களோடு சேர்த்து. வேலை ஒப்பந்தம் எந்த வகை என்பது அவர் அளவுகோல். பியர் பூர்தியூவோ (1979) சம்பளச் சீட்டோடு விடமாட்டார்: என்ன படித்தார், என்ன இசை கேட்கிறார், பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார் என்று கேட்டு, பொருளாதார மூலதனமும் பண்பாட்டு மூலதனமும் எந்த விகிதத்தில் இருக்கின்றன, அப்பா காலத்திலிருந்து அது ஏறியதா இறங்கியதா என்று பார்ப்பார். அதோடு, ஆய்வாளர் தாளில் வரையும் வர்க்கம் தாளில் உள்ள வர்க்கம் மட்டுமே, அதை நிஜக் கூட்டமாக்க அரசியல் உழைப்பு தேவை என்றும் சொல்வார். இது கூற்று 5-க்கு நேரான அடி.

இந்தப் பயிற்சியை அடுத்து ஒரு செவிலியரை வைத்தும், சொந்த வண்டியில் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் செயலி ஊழியரை வைத்தும் செய்துபாருங்கள். எந்தக் கோட்பாடு எங்கே நொண்டுகிறது என்பது வேகமாகப் பிடிபடும்.

ஐந்தாம் படி: "ஏன் புரட்சி வரவில்லை?" என்பதன் விடைகளைப் பிரித்துவையுங்கள்

1917-இல் புரட்சி நடந்தது தொழில் வளர்ந்த நாட்டில் அல்ல, ரஷ்யாவில். இதிலிருந்து கிளம்பிய விடைகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடக் கூடாது. அந்தோணியோ கிராம்ஷி, 1926-இல் முசோலினி அரசால் கைதாகி, 1929 முதல் எழுதிய சிறைக் குறிப்பேடுகளில், மேற்கு நாடுகளில் ஆளும் வர்க்கம் பலத்தால் மட்டும் ஆள்வதில்லை, பள்ளி, தேவாலயம், பத்திரிகை வழியே இசைவைத் திரட்டி ஆள்கிறது என்றார், அதுதான் மேலாதிக்கம். ஹோர்க்ஹைமரும் அடோர்னோவும் பண்பாட்டுத் தொழிலை, அதாவது சினிமா, வானொலி, இசையைச் சரக்காகத் தயாரிக்கும் தொழிலை, காட்டினார்கள். அல்தூசர் 1970-இல் கருத்தியல் அரசு எந்திரங்களை (பள்ளி, குடும்பம், தேவாலயம் போன்று கருத்தை ஊட்டும் அமைப்புகளை) பட்டியலிட்டார். இந்த வரிசையின் பொதுவான பலவீனம், தொழிலாளி என்ன நினைக்கிறார் என்று அவரிடமே போய்ப் பார்க்காதது.

போய்ப் பார்த்த ஆய்வுகள் இரண்டைக் கட்டாயம் படியுங்கள். ஒன்று, 1960-களில் இங்கிலாந்தின் லூட்டன் நகரில் கோல்ட்தோர்ப், லாக்வுட் குழுவினர் 229 உடலுழைப்புத் தொழிலாளர்களையும் 54 அலுவலக ஊழியர்களையும் பேட்டி கண்டது. நல்ல சம்பளம் வந்ததும் தொழிலாளர் நடுத்தர வர்க்கமாகிவிடுகிறார் என்ற அன்றைய பேச்சு பொய்த்தது. சங்கத்தையும் தொழிற்கட்சியையும் அவர்கள் விடவில்லை. ஆனால் வேலை அவர்களுக்குச் சம்பளத்துக்கான வழி, வாழ்க்கை வீட்டுக்குள். இந்த ஆய்வு மார்க்ஸை மறுத்தது என்று மட்டும் எழுதினால் பாதி தவறு; அது மார்க்ஸை மறுத்தவர்களையும் மறுத்தது.

மற்றது மைக்கேல் புராவோய் 1974-இல் சிகாகோ பகுதியில் ஒரு எஞ்சின் தொழிற்சாலையில் பத்து மாதம் மெஷின் ஆபரேட்டராக வேலை செய்தது. அங்கே பீஸ் ரேட் கணக்கு, அதாவது செய்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி. இலக்கின் 140 சதவீதம் வரை உற்பத்தியைக் கணக்கில் காட்டுவார்கள். அதற்கு மேல் செய்ததை ஒளித்துவைத்து, கடினமான வேலை வரும் நாளுக்கு எடுத்துக்கொள்வார்கள். ஏன் 140? அதற்கு மேல் காட்டினால் மேலிடம் இலக்கை உயர்த்திவிடும். இது நிர்வாகத்தை ஏமாற்றும் தந்திரம்போலத் தெரிகிறது. புராவோய் பார்த்தது வேறு: இலக்கைப் பிடிக்கும் ஆட்டத்தில் ஆள் மூழ்கிவிடுகிறார், நேரம் ஓடிவிடுகிறது, கருவி தர தாமதிக்கும் ஸ்டோர்காரர்மேலும் சரக்கைக் கொண்டுவராத வண்டிக்காரர்மேலும் கோபம் திரும்புகிறது. ஒரு விளையாட்டை ஆடிக்கொண்டே அதன் விதிகளைக் கேள்வி கேட்க முடியாது. இசைவு பள்ளியிலோ வானொலியிலோ பிறந்து தொழிற்சாலைக்கு வரவில்லை. மெஷின் பக்கத்திலேயே உற்பத்தியாகிறது. கிராம்ஷியை வைத்து மார்க்ஸைத் திருத்தி, பிறகு கிராம்ஷியையும் தொழிற்சாலைக்குள் இழுத்துவந்த ஆய்வு இது. வேலையைத் துண்டாக்கித் தொழிலாளியின் திறனை நிர்வாகம் பறிக்கிறது என்று ஹாரி பிரேவர்மன் அதே 1974-இல் சொன்ன 'திறன் பறிப்பு' வாதத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், தொழிலாளியின் மனதைக் கணக்கில் எடுக்காத ஆய்வு எதைத் தவறவிடுகிறது என்பது விளங்கும்.

ஆறாம் படி: வரைபடத்தில் இல்லாதவர்களைத் தேடுங்கள்

ஹைடி ஹார்ட்மன் 1979-இல் வைத்த கேள்வி எளிமையானது: மூலதனம் காலி இடங்களை உண்டாக்குகிறது, சரி; அந்த இடங்களில் யார் பெண், யார் ஆண், யார் சமைப்பது என்று எது தீர்மானிக்கிறது? மார்க்சியக் கருவியில் அதற்குச் சொல் இல்லை. சில்வியா வால்பி 1990-இல் ஆணாதிக்கத்தைக் கூலி வேலை, வீட்டு உழைப்பு, அரசு, வன்முறை, பாலுறவு, பண்பாடு என்ற ஆறு அமைப்புகளாகப் பிரித்தார். டு பாய்ஸ் 1935-லேயே, அமெரிக்க வெள்ளைத் தொழிலாளிக்குக் குறைந்த கூலியோடு வெள்ளையர் என்ற மரியாதையும் ஒரு கூலியாகக் கிடைத்ததைக் காட்டியிருந்தார். கூற்று 5 ஏன் அங்கே நின்றுபோனது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் குறைவு. வாலர்ஸ்டீன் (1974) ஒரு நாட்டை அலகாக வைப்பதையே மாற்றி, மையம் (பணக்கார நாடுகள்), அரைப்புறம் (இடைப்பட்டவை), புறம் (ஏழை நாடுகள்) என்று உலகத்தை ஒரே அமைப்பாக்கினார். அவர் உற்பத்தி உறவை விட்டுச் சந்தைப் பரிமாற்றத்தைப் பிடித்துக்கொண்டார் என்று ராபர்ட் பிரென்னர் 1977-இல் எதிர்த்தார்.

அரசு பற்றிய கூற்று 6-க்கு, அரசு முதலாளிகளுக்கு உதவுவது அதில் இருக்கும் ஆட்களாலா, முதலாளித்துவ அமைப்பாலேயேவா என்ற மிலிபண்ட்–புலான்சாஸ் விவாதத்தில் தொடங்கி, பிரான்ஸ், ரஷ்யா, சீனப் புரட்சிகளை ஒப்பிட்ட தீடா ஸ்காச்போலில் (1979) முடிக்கலாம். போர் நெருக்கடியில் அரசு தன் நலனுக்காகவே ஆளும் வர்க்கத்தோடு மோதும் என்பது அவர் கண்டது.

அடிக்கடி நேரும் பிழைகள்

"வர்க்கம் செத்துவிட்டது" என்ற வாதத்தில் (பகுல்ஸ்கி, வாட்டர்ஸ், 1996; அதற்கு முன் உல்ரிச் பெக்) இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன. மக்கள் தங்களை வர்க்கத்தால் அடையாளம் சொல்வது குறைந்தது என்பது ஒன்று. வர்க்கம் பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் பாதிப்பது குறைந்தது என்பது இன்னொன்று. முதலாவதற்கான சான்றைக் காட்டி இரண்டாவதை நிறுவ முடியாது. கோல்ட்தோர்ப் வைத்த எதிர்வாதம் இரண்டாவதைப் பற்றியது.

இன்னொரு பிழை, பொருளின் மதிப்பை அதற்கான உழைப்பே தீர்மானிக்கிறது என்ற உழைப்பு மதிப்புக் கோட்பாட்டின்மேல் பொருளியலாளர்கள் வைத்த விமர்சனத்தைச் சமூகவியல் விமர்சனத்தோடு கலப்பது. பெரும்பாலான சமூகவியலாளர்கள் கூற்று 4-ஐ ஒதுக்கிவிட்டுத்தான் வாதாடுகிறார்கள். கட்டுரையில் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

கட்டுரை எழுதும்போது பத்துப் பெயர்களை அடுக்கவேண்டாம். ஒரு கூற்றை எடுங்கள். அதைப் பழுது பார்த்த ஒருவர், கைவிட்ட ஒருவர், இருவரும் போதும். மூன்றாம் கூற்றுக்கு ரைட்டும் டாரன்டோர்ஃபும் நல்ல ஜோடி. ஐந்துக்குப் புராவோயும் பூர்தியூவும். இருவரையும் அதே சூப்பர்வைசர்முன் நிறுத்தி, இருவருடைய நான்காம் கட்டத்தையும் நிரப்புங்கள். ஒருவருடைய கட்டம் மட்டும் காலியாக இருந்தால், அவரை இன்னும் சரியாகப் படிக்கவில்லை. திரும்பப் போய் அவருக்கு வந்த மறுப்புகளில் ஒன்றையாவது படித்துவிட்டு எழுதுங்கள்.